ஒரே தங்கக் கட்டி: எனக்கு வரி இல்லை, தம்பிக்கு 460 டாலர். ஏன்?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். ஆன்லைனில் ஒரு அவுன்ஸ் தங்கக் கட்டியை 4,500 டாலருக்கு வாங்கினேன். வரி ஒரு சென்ட்கூட இல்லை. அதே நாளில், அதே கடையில், அதே கட்டியை என் தம்பியும் வாங்கினான். அவன் சியாட்டில் பக்கம் இருக்கிறான். அவனுக்கு 460 டாலர் வரி போட்டார்கள். சரி, தங்கத்துக்கு எங்கள் ஊரில் வரி இல்லை போலிருக்கிறது என்று நினைத்தால், போன மாதம் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய சங்கிலிக்கு எனக்கும் வரி போட்டிருக்கிறார்கள். யாராவது ஏமாற்றுகிறார்களா? இனிமேல் தம்பிக்கு வேண்டியதை என் முகவரிக்கே வரவழைத்துக் கொடுத்துவிடலாமா?

பதில்:

யாரும் ஏமாற்றவில்லை. மூன்று பில்லும் சரி. முகவரி யோசனை மட்டும் சரியில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நாம் ஊரில் பழகிய கணக்கு எளிமையானது. தங்கத்துக்கு 3 சதவீத ஜிஎஸ்டி. மதுரையில் வாங்கினாலும் மும்பையில் வாங்கினாலும் அதுதான். அமெரிக்காவில் மத்திய அரசுக்கு விற்பனை வரியே கிடையாது. எல்லாம் மாநிலத்தின் கையில். அலாஸ்கா, டெலாவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்து மாநிலங்களில் மாநில விற்பனை வரியே இல்லை. அலாஸ்காவில் மட்டும் சில ஊர்கள் தனியாக வசூலிக்கும். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் தங்கத்தை வைத்துத் தனித்தனியாக ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கின்றன.

கடை எங்கே இருக்கிறது என்பது இதில் பெரிய விஷயமில்லை, பொட்டலம் எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. 2018 ஜூனில், வேஃபேர் என்ற ஆன்லைன் கடைக்கு எதிராக சவுத் டகோட்டா மாநிலம் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ இல்லாத வியாபாரியிடம் ஒரு மாநிலம் 'வரி வசூலித்துக் கொடு' என்று கேட்க முடியாது. அந்தக் காலத்தில் பழகியவர்கள் இன்னும் 'ஆன்லைனில் வாங்கினால் டாக்ஸ் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நம்ப வேண்டாம். இப்போது பெரிய வியாபாரிகள் எல்லோரும் நீங்கள் கொடுக்கும் முகவரியைப் பார்த்து, அந்த மாநிலத்துச் சட்டப்படி கணக்குப் போடுகிறார்கள். அதனால்தான் உங்கள் பில்லில் பூஜ்யம், தம்பியின் பில்லில் 460.

ஒரு மாநிலம் விடுகிறது, இன்னொன்று பிடிக்கிறது. ஏன்? இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. தங்கம் பணமா, சரக்கா?

அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே, தங்க, வெள்ளி நாணயங்களைத் தவிர வேறெதையும் கடனடைக்கும் செலாவணியாக எந்த மாநிலமும் ஆக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு. 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் மக்கள் கையில் இருந்த தங்க நாணயங்களையும் கட்டிகளையும் ஒப்படைக்கச் சொன்னார். 1974-ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் பொதுமக்கள் மறுபடி தாராளமாகத் தங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றானது. 1986-இல் அரசே அமெரிக்கன் ஈகிள் தங்க நாணயத்தை வெளியிட ஆரம்பித்தது. ஒரு அவுன்ஸ் ஈகிளை எடுத்துப் பாருங்கள், 50 டாலர் என்று முகமதிப்புப் பொறித்திருக்கும். நாலாயிரத்துச் சொச்சம் டாலர் பெறுமானமுள்ள பொருளில் 50 என்று எழுதியிருப்பது வேடிக்கைதான். ஆனால் அந்த எழுத்து இருப்பதால் அது சட்டப்படி பணம். நூறு டாலர் நோட்டுக்குச் சில்லறை மாற்றினால் யாராவது விற்பனை வரி போடுவார்களா, ஒரு பணத்தைக் கொடுத்து இன்னொரு பணத்தை வாங்குவதற்கு ஏன் வரி என்பது ஒரு கட்சி. அதெல்லாம் கதை, ஏழைபாழைகள் சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டும்போது தங்கம் வாங்குகிறவர் ஏன் கட்டக்கூடாது என்பது எதிர்க்கட்சி. பட்ஜெட்டில் துண்டு விழும்போதெல்லாம் இரண்டாவது கட்சிக்குப் பலம் கூடும்.

விலக்குக் கொடுக்கும் மாநிலங்கள் பலவும் சட்டத்தில் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: பொருளின் மதிப்பு அதிலிருக்கும் உலோகத்தில் இருக்கிறதா, அதன் உருவத்தில் இருக்கிறதா? கட்டிக்கு உருவத்தால் மதிப்பு இல்லை, எடைதான் எல்லாம். சங்கிலிக்கு, செய்கூலி, சேதாரம், டிசைன் என்று உருவத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். ஆகவே அது நகை, சரக்கு, வரி உண்டு. விற்பனை வரி உள்ள மாநிலங்களில் நகைக்கு இந்த விலக்கு பொருந்தாது. 916 முத்திரை இருந்தாலும், 'முதலீட்டுக்காகத்தான் வாங்குகிறேன்' என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் அது நகைதான். பாட்டி கழுத்தில் கிடந்த காசுமாலையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு காசும் தனியாக இருந்தால் நாணயம். கொக்கி வைத்துக் கோத்துவிட்டால் நகை. லட்சுமி படம் போட்ட 24 கேரட் காசை அப்படியே வாங்குவதும், வளையம் பற்றவைத்துப் பதக்கமாக வாங்குவதும் வரிக்காரர் கண்ணில் வேறு வேறு.

இப்போது உங்கள் விஷயம். நியூ ஜெர்சியின் விற்பனை வரி 6.625 சதவீதம். 2024 கடைசி வரை உங்கள் மாநிலத்திலும் தங்கக் கட்டிக்கு வரி இருந்தது. 2025 ஜனவரி 1 முதல், 1,000 டாலருக்கு மேற்பட்ட முதலீட்டுக் கட்டிகளுக்கும் நாணயங்களுக்கும் விலக்கு வந்துவிட்டது. உங்கள் கட்டி 4,500 டாலர், தப்பித்தது. சங்கிலி நகை, மாட்டிக்கொண்டது. நியூ ஜெர்சியில் துணிமணிக்கு வரி இல்லையே, கழுத்தில் போடுவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நகை துணிக் கணக்கில் வராது.

தம்பிக்கு நேரம் சரியில்லை, அவ்வளவுதான். வாஷிங்டன் மாநிலத்தில் தங்கக் கட்டிக்கும் நாணயத்துக்கும் பல காலமாக விலக்கு இருந்தது. 2025-இல் சட்டமன்றம் அதை ரத்து செய்தது. 2026 ஜனவரி 1 முதல் வரி. மாநில வரி 6.5 சதவீதம், அதன்மேல் ஊர் வரிகள் சேர்ந்தால் சியாட்டில் பக்கம் பத்தைத் தாண்டும். அதே கட்டியை 2025 டிசம்பரில் வாங்கியிருந்தால் அவனுக்கும் பூஜ்யம்தான்.

மேரிலாந்தும் இதே பாதைக்கு வந்துவிட்டது. அங்கே 1,000 டாலருக்கு மேல் வாங்கினால் விலக்கு என்று இருந்ததை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்: பால்டிமோர் மாநாட்டு மையத்தில் நடக்கும் விற்பனைக்கு விலக்கு தொடர்கிறது. அந்த மையத்தில் பெரிய நாணயக் கண்காட்சி நடப்பது வழக்கம். வரி போட்டால் வியாபாரிகள் கண்காட்சியையே வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே! ஒஹையோ இன்னும் தமாஷ். 2019-இல் விலக்கை நீக்கி, 2021-இல் திருப்பிக் கொடுத்தது. அதனால் யாராவது மாநிலவாரியாகப் பட்டியல் அனுப்பினால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். இரண்டு வருஷத்துப் பழைய பட்டியலை நம்பி வாங்கினால் உங்கள் தம்பியின் கதைதான்.

டெக்சஸ், பென்சில்வேனியா போன்ற இடங்களில் தலைவலியே இல்லை. கட்டி, நாணயம் எதற்கும் வரி கிடையாது, தொகை வரம்பும் கிடையாது. டெக்சஸில் முன்பு 1,000 டாலர் வரம்பு இருந்தது, 2013-இல் எடுத்துவிட்டார்கள். கட்டியைப் பத்திரமாக வைக்க மாநில அரசே ஒரு பெட்டகம் நடத்துகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு தங்கப் பாசம். ஆனால் அதே ஹூஸ்டனில் ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவில் வளையல் வாங்கினால் 8.25 சதவீதம் கட்டியாக வேண்டும்.

உண்மையில் ஆட்கள் பணத்தை விடுவது தொகை வரம்பு உள்ள மாநிலங்களில்தான். கலிபோர்னியாவில் ஒரே பரிவர்த்தனையில் 2,000 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்கினால் தங்க, வெள்ளிக் கட்டிகளுக்கும் நாணயங்களுக்கும் வரி இல்லை. 2022 வரை இந்த வரம்பு 1,500 டாலராக இருந்தது. அதற்குக் கீழே போனால் அடிப்படை 7.25 சதவீதத்தோடு ஊர் வரியும் சேரும். நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் எல்லாம் 1,000 டாலர் வரம்புக்காரர்கள்.

வரி வேலையையே தொழிலாக வைத்திருக்கும் நான் இதில் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 2025 அட்சய திருதியைக்கு, கலிபோர்னியா வீட்டில் உட்கார்ந்தபடி, பெரியவளுக்கு ஒரு 10 கிராம் கட்டி வாங்கினேன். சுமார் 1,100 டாலர். அன்று ராத்திரி சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் மறுநாள் அவளுக்கும் ஒன்று. இரண்டு ஆர்டர், இரண்டு பில், இரண்டுக்கும் வரி. மொத்தம் இருநூறு டாலருக்குப் பக்கமாகப் போயிற்று. முதல் நாளே இரண்டையும் ஒரே பில்லில் போட்டிருந்தால் 2,200, வரம்பைத் தாண்டியிருக்கும், வரி பூஜ்யம். 'ஊருக்கெல்லாம் டாக்ஸ் சொல்வீங்களே' என்று மனைவி இன்னமும் குத்திக்காட்டுகிறாள்.

தங்கத்தின் விலை ஏறிய பிறகு இந்த வரம்புகளின் குணமே மாறிவிட்டதைக் கவனியுங்கள். 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு அவுன்ஸ் வாங்குகிறவர் எந்த வரம்பையும் தானாகவே தாண்டிவிடுகிறார். அகப்படுவது யார்? காதுகுத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் இரண்டு கிராம், ஐந்து கிராம் வாங்கும் நம்மைப் போன்றவர்கள். அவுன்ஸ் 4,500 என்ற உங்கள் விலையிலேயே போட்டுப் பார்ப்போம். 5 கிராம் சுமார் 720 டாலர். நியூ ஜெர்சியிலும் வரி, கலிபோர்னியாவிலும் வரி. 10 கிராம் சுமார் 1,450. நியூ ஜெர்சியில் வரி இல்லை, கலிபோர்னியாவில் உண்டு. பவுன் என்ற நம் வார்த்தைக்கு மூலமான பிரிட்டிஷ் சவரன் நாணயம் இங்கே நாணய வியாபாரிகளிடம் கிடைக்கும். கிட்டத்தட்ட 8 கிராம், 22 கேரட். அதிலுள்ள தங்கம் மட்டும் சுமார் 1,060 டாலர் ஆகும். நியூ ஜெர்சியில் ஒன்று வாங்கினாலே போதும், கலிபோர்னியாவில் இரண்டாகச் சேர்த்து வாங்க வேண்டும். வெள்ளி வாங்குகிறவர்களுக்கு இந்தச் சேர்த்து வாங்கும் புத்தி இன்னும் அவசியம்.

ஆக, வரம்பு உள்ள மாநிலத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது வீண். நாலு மாதக் காசைச் சேர்த்து வைத்து ஒரே பில்லில் வாங்குங்கள். இதற்கிடையில் விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இறங்கவும் செய்யலாம். வரி மட்டும் நிச்சயம்.

பொருளின் வகையை வைத்துப் பிடிக்கும் மாநிலங்களும் உண்டு. மின்னசோட்டாவில் 99.9 சதவீதச் சுத்தமான கட்டிக்கு விலக்கு, நாணயத்துக்கு வரி. அமெரிக்க அரசே அடித்த ஈகிளுக்கு வரி, சுவிஸ் கம்பெனிக் கட்டிக்கு இல்லை! 'தங்கம் பணம்' என்ற வாதத்தை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை போல. நியூயார்க் 1,000 டாலரோடு நிற்காமல், நீங்கள் கொடுக்கும் விலை உலோக மதிப்பைவிட ரொம்ப அதிகமாக இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. கட்டி என்றால் 115 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அழகான பெட்டியில் வரும், சேகரிப்பாளர்களுக்கான விலையேறிய நாணயம் இதில் அடிபடும். கலிபோர்னியாவின் கட்டி விலக்கு தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான், பிளாட்டினக் கட்டிக்குக் கிடையாது.

நகையே வாங்குவதென்றால் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகையைப் போட்டுப் புதிது எடுக்கும்போது, நியூ ஜெர்சியிலும் வாஷிங்டனிலும் பழையதன் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி. 6,000 டாலர் ஆரத்துக்கு 4,000 டாலர் பெறும் பழைய வளையல்களைக் கொடுத்தால் 2,000-க்கு மட்டும் வரி. கலிபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை, முழு 6,000-க்கும் கட்ட வேண்டும். அதனால் பழைய நகையைத் தனியாக விற்றுவிட்டு அப்புறம் புதிது வாங்குவதற்கும், ஒரே பில்லில் மாற்றுவதற்கும் உங்கள் ஊரில் நிஜமாகவே வித்தியாசம் உண்டு. பில்லில் பழைய நகையின் மதிப்பு தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால்தான் சில கடைகளில் ஒழுங்காக எழுதுகிறார்கள்.

சரி, முகவரி யோசனைக்கு வருவோம். தம்பி காசு கொடுத்து, உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகிறான் என்றால், கடைக்காரர் வரி போடமாட்டார், உண்மை. ஆனால் விற்பனை வரிக்கு ஒரு இரட்டைப் பிறவி இருக்கிறது. யூஸ் டாக்ஸ் என்று பெயர். வரி கட்டாமல் வெளியே வாங்கிய பொருளைத் தன் மாநிலத்துக்குள் கொண்டுவந்தால், அதே விகிதத்தில் வாங்கியவரே கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். வாஷிங்டனில் அந்தச் சட்டம் உண்டு. போர்ட்லண்டுக்குக் கார் ஓட்டிப் போய் ஓரிகனில் வாங்கி வந்தாலும் கதை இதுதான். 'யார் பார்க்கப்போகிறார்கள்' என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சட்டம் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நீங்களே உங்கள் காசில் வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்வது வேறு விஷயம், அதில் தவறே இல்லை.

டெலாவேரில் தனியார் பெட்டகங்கள் இருக்கின்றன. கட்டியை வாங்கி அங்கேயே வைத்துவிட்டால் விற்பனை வரி வராது. வருஷா வருஷம் காப்புக் கட்டணம் உண்டு. பிறகு வீட்டுக்கு வரவழைத்தால் யூஸ் டாக்ஸ் கேள்வி எழும். விற்கும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும். ஒரு அவுன்ஸுக்காக இந்தப் பாடு படுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறார்கள்: ரொக்கமாகக் கொடுத்தால் வரி குறையுமா? குறையாது. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கினால் வியாபாரி வருமான வரித் துறைக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அதற்குப் பயந்து தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது தனிக் குற்றம். விற்பனை வரிக்காகச் சேர்த்து வாங்கலாம், படிவத்துக்குப் பயந்து பிரிக்கக்கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தம்பி கட்டிய 460 முழுக்கப் போன காசு என்றும் சொல்ல முடியாது. கட்டியை விற்கும்போது அவனுடைய வாங்கிய விலை 4,500 அல்ல, வரியும் சேர்த்து 4,960. லாபம் அதற்கு மேல்தான் கணக்காகும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், தங்கத்தைச் சேகரிப்புப் பொருள் என்ற தலைப்பில் வைத்து, லாபத்துக்கு அதிகபட்சம் 28 சதவீதம் வரை மத்திய வரி. அதனால் அந்தப் பில் முக்கியம். பலர் கட்டியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பில்லைக் குப்பையில் போடுகிறார்கள்.

அவனுக்கு நான் சொல்வது இதுதான். விலை ஏறும் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்குகிறான் என்றால், பங்குச்சந்தையில் பங்கு போலவே வாங்கி விற்கும் தங்க நிதியான ஈடிஎஃப் வாங்கட்டும். அதற்கு விற்பனை வரி எந்த மாநிலத்திலும் இல்லை, விற்கும்போது அதே 28 சதவீத விதி பெரும்பாலும் இதற்கும் உண்டு. கையில் தொட்டுப் பார்க்கும் தங்கம்தான் வேண்டும் என்றால், வாஷிங்டனில் இன்று கட்டிக்கும் வரி, நகைக்கும் வரி. வரி வித்தியாசம் இல்லாத ஊரில், பெண் குழந்தைக்கு என்று சேர்ப்பவன் செய்கூலியை மட்டும் யோசித்தால் போதும். நீங்கள் நேர் எதிர்: உங்கள் ஊரில் அந்தச் சங்கிலிக்குச் செய்கூலியும் போயிற்று, 6.625 சதவீதமும் போயிற்று. அடுத்த முறை போட்டுக்கொள்ள வேண்டியதை மட்டும் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்குங்கள், பூட்டி வைக்க வேண்டியதை 1,000 டாலரைத் தாண்டிய பில்லில் கட்டியாகவோ காசாகவோ வாங்குங்கள்.